11 மண்புழுக்கள்: நிபுணர் சொல் வாதத்தைத் தாங்கும் விதம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

இலையுதிர்காலத்தில் ஒரு மரத்தின் இலைகள் உதிர்கின்றன. அடுத்த வசந்தத்தில் அந்த மரத்தடியில் ஒரு பறவை துடித்துச் சாகிறது. இரண்டுக்கும் நடுவே பல மாத இடைவெளி. இவற்றை ஒரே சங்கிலியில் கோத்து, வேதியியல் படிக்காத வாசகரை நம்பவைக்க வேண்டும். ‘மௌன வசந்தம்’ நூலில் ரேச்சல் கார்சன் முன்னிருந்த பணிகளில் இது ஒன்று. அமெரிக்காவில் 1962 செப்டம்பரில் வெளியான அந்த நூல், பூச்சிக்கொல்லிகளைக் கண்மூடித்தனமாகத் தெளிப்பதற்கு எதிரான வாதம். கருத்தை நிறுவ எழுதும் எவரும் நிபுணர்களின் சொல்லை எப்படிக் கையாள வேண்டும், எங்கே சறுக்குவோம் என்பதைப் படிக்க அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. அதனால் இங்கே அந்த நூலின் ஓர் அத்தியாயத்தை முழுதாகப் பிரித்துப் பார்க்கிறோம். மற்றவற்றைத் தேவைப்படும் அளவுக்குத் தொட்டுச் செல்கிறோம்.

முதலில் அவருடைய இக்கட்டு. கார்சன் கடல் உயிரியல் எழுத்தாளர். 1932-இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். முனைவர் பட்டம் இல்லை. அரசின் மீன்வளத் துறையில் வேலைபார்த்து 1952-இல் விலகியவர். பூச்சியியல், நச்சியல், மண்ணியல், புற்றுநோய் மருத்துவம் என்று அவர் எழுத எடுத்துக்கொண்ட எதிலும் அவரே நிபுணர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. எதிரே டிடிடி. அதன் பூச்சிக்கொல்லித் திறனைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசே கிடைத்திருந்தது. ‘நான் சொல்கிறேன், நம்புங்கள்’ என்ற தொனி அவருக்கு எந்த விதத்திலும் உதவாது. கடன் வாங்கிய அறிவை வைத்துத்தான் கட்ட வேண்டும். நம்மில் பெரும்பாலானோர் எழுதும் நிலையும் இதுதான்.

ராபின் பறவைகள் இறந்த கதை

1954-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் எல்ம் மரங்களுக்கு டிடிடி தெளிக்கத் தொடங்கினார்கள். டச்சு எல்ம் நோயைப் பரப்பும் வண்டுகளைக் கொல்வது நோக்கம். அங்கே பறவையியல் பேராசிரியராக இருந்தவர் ஜார்ஜ் வாலஸ். அவருடைய ஆய்வு மாணவர் ஜான் மெனர், தற்செயலாக அதே ஆண்டில் ராபின் பறவைகளின் எண்ணிக்கையை ஆராயத் தொடங்கியிருந்தார். 185 ஏக்கர் வளாகத்தில் 370-க்குக் குறையாத வளர்ந்த ராபின்கள் அப்போது இருந்தன. அடுத்த வசந்தங்களில் பறவைகள் வந்தன, துடித்தன, செத்தன. 1958-இல் முக்கிய வளாகத்தில் ஒரு குஞ்சைக்கூடக் காணவில்லை என்று வாலஸ் பதிவுசெய்தார்.

கார்சன் இந்தப் பேராசிரியரை எப்படி உள்ளே கொண்டுவருகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘புகழ்பெற்ற பறவையியலாளர்’ என்ற அடைமொழியால் அல்ல. எந்த இடத்தில், எந்த ஆண்டிலிருந்து, எதை எண்ணிக்கொண்டிருந்தவர் என்பதால். வாசகர் ஒருவரை நம்புவதற்குப் பட்டத்தைவிட இந்த மூன்றும் வலுவான காரணங்கள். பட்டம் அவர் படித்தவர் என்று மட்டும் சொல்கிறது. இந்த மூன்றும் அவர் பார்த்தவர் என்று சொல்கின்றன.

அடுத்து ஒரு நுட்பம். பலர் இதை வெட்டி எறிந்துவிடுவார்கள். பறவைகள் நரம்பு மண்டல நோயால் சாகின்றன என்றே வாலஸ் முதலில் ஐயப்பட்டார். பிறகுதான், தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு, சாவு என்று வரிசையாக வந்த அறிகுறிகள் பூச்சிக்கொல்லி நஞ்சினுடையவை என்ற முடிவுக்கு வந்தார். கார்சன் இந்தத் தடுமாற்றத்தை மறைக்கவில்லை. எழுதுபவருக்கு இது பலவீனமாகத் தோன்றும்: நம் சாட்சியே முதலில் தவறாக நினைத்தவரா? ஆனால் வாசகர் மனதிலும் முதலில் எழுவது அதே ஐயம்தான். ஏதோ நோயாக இருக்கலாமே என்று அவர் நினைக்கும்போது, நிபுணரும் அங்கிருந்தே புறப்பட்டு, ஆதாரம் இழுத்த பக்கம் நகர்ந்ததைப் பார்க்கிறார். முன்முடிவோடு வந்தவர் அல்ல என்பது நிபுணரே சொல்லாமல் விளங்கிவிடுகிறது. ஒரு நிபுணர் தன் கருத்தை மாற்றிக்கொண்டிருந்தால், எது மாற்றியது என்பது அவருடைய இறுதிக் கருத்தைவிட மதிப்புள்ள செய்தி.

இவ்வளவு இருந்தும் வாலஸின் சாட்சியம் போதாது. பறவைகள் செத்தன, மருந்து தெளிக்கப்பட்டது என்ற இரண்டு உண்மைகளை மட்டுமே அவர் தருகிறார். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதற்கு வழி காட்ட வேண்டும். அதிலும் மருந்து தெளித்து மாதக்கணக்கில் ஆனபிறகு வந்த பறவை ஏன் சாக வேண்டும்? இந்தக் கேள்விக்கு வேறொரு நிபுணரை அழைக்கிறார் கார்சன். இல்லினாய் இயற்கை வரலாற்று ஆய்வகத்தின் ராய் பார்க்கர், 1958-இல் வெளியிட்ட ஆய்வில் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகக் காட்டியிருந்தார். 50 அடி மரத்துக்கு 2 முதல் 5 பவுண்டு வரை டிடிடி தெளிக்கப்படுகிறது. அது இலையிலும் பட்டையிலும் படலமாக ஒட்டிக்கொள்கிறது. மழை அதைக் கழுவுவதில்லை. இலை உதிர்ந்து மண்ணில் மக்கும்போது மண்புழு தின்கிறது. எல்ம் இலை மண்புழுவுக்குப் பிடித்த உணவு. புழுக்களில் சில சாகின்றன. தப்பியவை நஞ்சைத் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. வசந்தத்தில் ராபின் வந்து அந்தப் புழுவைத் தின்கிறது.

பிறகு வருகிறது இந்த ஆய்வுக்குத் தலைப்புத் தந்த எண். ஒரு ராபினைக் கொல்லப் போதுமான டிடிடி 11 பெரிய மண்புழுக்களில் இருக்கலாம். இந்த எண்ணைத் தந்துவிட்டுக் கார்சன் நிறுத்தவில்லை. அடுத்த வாக்கியத்திலேயே, ஒரு ராபின் 10 முதல் 12 புழுக்களை அத்தனை நிமிடங்களுக்குள் தின்றுவிடும் என்கிறார். முதல் எண் நிபுணருடையது. அதை மட்டும் படித்தால் 11 அதிகமா, குறைவா என்று வாசகருக்குத் தெரியாது. இரண்டாம் எண் வந்ததும் அது பத்து நிமிடச் சாவு என்று புரிந்துவிடுகிறது. நிபுணர் தரும் எந்த எண்ணுக்கும் இப்படி ஓர் இணை எண் தேவை. அதைத் தேடித் தருவது எழுதுபவரின் வேலை, நிபுணரின் வேலை அல்ல. நிபுணருக்குத் தன் அளவைகள் பழகிப்போனவை. வாசகருக்கு அவை வெறும் ஒலி.

மூன்றாவதாக ஒரு சிறு துணுக்கு. அதே வளாகத்து மண்புழுக்களை வேறு ஆய்வுக்காக வளர்த்த நன்னீர் நண்டினங்களுக்குத் தெரியாமல் தீனியாகப் போட்டுவிட்டார்கள், எல்லாம் செத்தன. ஆய்வகப் பாம்பு ஒன்று அந்தப் புழுக்களைத் தின்று கடுமையாக நடுங்கியது. இங்கே யாரும் எதையும் நிறுவ முயலவில்லை, எதிர்பாராமல் நடந்தது. அதனாலேயே வலு. நிபுணரோடு பேசும்போது, இது தொடர்பாகத் தற்செயலாக நடந்த ஏதாவது உண்டா என்று கேட்டால் இப்படிப்பட்ட செய்திகள் வெளியே வரும். ஆய்வுக் கட்டுரையில் பெரும்பாலும் அவை இருக்காது.

கடைசியாக வேறு இடங்கள். மிச்சிகனிலேயே புளூம்ஃபீல்டு ஹில்ஸில் உள்ள கிரான்புரூக் அறிவியல் நிறுவனம் 1956-இல், நஞ்சால் செத்ததாகத் தோன்றும் பறவைகளைக் கொண்டுவந்து தருமாறு மக்களைக் கேட்டது. சில வாரங்களில் அதன் உறைபெட்டி நிறைந்துவிட்டது. விஸ்கான்சினில் ஜோசப் ஹிக்கி தனியே ஆராய்ந்து, மருந்து தெளித்த பகுதிகளில் ராபின் சாவு 86 முதல் 88 சதவீதம் என்றார். ஒரே ஊரில் ஒரே பேராசிரியர் கண்டது தனி விபத்தாக இருக்கலாம் என்ற ஐயம் இங்கே அடைபடுகிறது.

ஆக, இந்த ஒரே வாதத்தில் நிபுணர்கள் மூன்று வேறு வேலைகளைச் செய்கிறார்கள். ஒருவர் பார்த்தவர், ஒருவர் வழி காட்டியவர், மற்றவர்கள் வேறிடத்தில் அதையே கண்டவர்கள். ஒரே வேலையைச் செய்யும் ஐந்து நிபுணர்களை வரிசைப்படுத்தினால் பட்டியல் நீளும், வாதம் நகராது. வரைவைத் திருத்தும்போது ஒவ்வொரு நிபுணர் பெயரின் ஓரத்திலும் ‘பார்த்தவர்’, ‘வழி’, ‘வேறிடம்’ என்று குறித்துப் பாருங்கள். பெரும்பாலான வரைவுகளில் நாலைந்து ‘பார்த்தவர்’ இருப்பார்கள், ‘வழி’ ஒன்றுகூட இருக்காது. எதிர்வாதம் நுழைவது அந்த ஓட்டை வழியாகத்தான்.

தன் தரப்புக்கு எதிராகப் பேசும் சாட்சி

பூச்சிகள் மருந்துக்குப் பழகி எதிர்ப்புத் திறன் பெறுவது பற்றிய அத்தியாயத்தில் கார்சன் நெதர்லாந்தின் பயிர்ப் பாதுகாப்புத் துறை இயக்குநர் பிரியெரின் சொற்களை எடுத்தாள்கிறார். முடிந்தவரை தெளியுங்கள் என்று சொல்லாமல், முடிந்தவரை குறைவாகத் தெளியுங்கள் என்பதே நடைமுறை அறிவுரையாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பறவை ஆர்வலர் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் வாசகர் எதிர்பார்த்ததே. பயிரைக் காப்பதே தொழிலாகக் கொண்ட அரசு அதிகாரி சொல்லும்போது கேட்பவர் நிமிர்ந்து உட்காருகிறார். ஏனென்றால், அவர் இதைச் சொல்வதால் அவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. நிபுணர்களைத் தேடும்போது நம் கருத்தோடு முதலிலிருந்தே ஒத்துப்போகும் அமைப்புகளை மட்டும் தட்டுவது எளிது. மறுபக்கத்தில் நின்றுகொண்டு நம் கருத்தில் பாதியை ஏற்கும் ஒருவரைத் தேட இரண்டு மடங்கு நேரம் ஆகும். அந்த நேரம் வீண் போகாது.

அந்த அத்தியாயம் முடிவதும் பிரியெரின் சொற்களில்தான். பொதுவாக மேற்கோளில் முடிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கடைசி வார்த்தையை வேறொருவரிடம் ஒப்படைப்பது வாதத்தின் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே பெரும்பாலும் முடிகிறது. இங்கே அது பொருந்துவதற்குக் காரணம், தேவையான சான்றுகளை எல்லாம் கார்சன் தன் சொற்களில் முன்பே அடுக்கிவிட்டார். நிபுணர் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, உயிரின் முன் கைகூப்பச் சொன்னால் போதும்.

எங்கே வலுக்குறைவு

அதே நூலில் புற்றுநோய் பற்றிய பகுதி இந்த அளவு உறுதியாக நிற்கவில்லை. அங்கே பெரும் சுமையைத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் வில்ஹெல்ம் ஹூப்பர் தாங்குகிறார். தொழிற்சாலை வேதிப்பொருள்களால் வரும் புற்றுநோய் பற்றி அவர் அறிந்த அளவுக்கு அறிந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் தொழிற்சாலை நச்சுகளுக்கு அவர் கொடுத்த அழுத்தம் எவ்வளவு என்றால், நுரையீரல் புற்றுநோயில் சிகரெட்டின் பங்கையே குறைத்து மதிப்பிட்டார். ஒரு பகுதியின் எடை முழுவதையும் ஒரே நிபுணர் தோளில் ஏற்றினால் அவருடைய சாய்வும் சேர்ந்தே வருகிறது. 1931-இல் நோபல் பெற்ற ஓட்டோ வார்பர்கின் புற்றுநோய்க் கோட்பாடும் அங்கே எடுத்தாளப்படுகிறது. உயிரணுவின் சுவாசம் பழுதுபடுவதே புற்றுநோயின் தோற்றுவாய் என்ற அந்தக் கருத்தைத் துறைக்குள்ளேயே பலர் அப்போதே ஏற்கவில்லை. பரிசு ஒருவரின் ஒரு கண்டுபிடிப்புக்குத் தரப்படுகிறது. அவருடைய எல்லாக் கருத்துகளுக்கும் அல்ல.

ராபின் அத்தியாயத்தில் ‘வேறிடம்’ என்ற வேலையைச் செய்ய ஆள் இருந்தார்கள். புற்றுநோய்ப் பகுதியில் அந்த இடம் ஏறத்தாழ காலி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

நிபுணர் தன் துறையை விட்டு வெளியே பேசுவது இன்னும் பெரிய ஆபத்து. இங்கிலாந்தில் 1999-இல் நடந்த வழக்கில், தாய் தன் இரு குழந்தைகளைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. சாட்சி சொன்ன குழந்தை மருத்துவ நிபுணர், ஒரே குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் காரணம் தெரியாமல் தொட்டிலில் இறக்கும் வாய்ப்பு 7.3 கோடியில் 1 என்றார். 8,543-இல் 1 என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கிப் பெற்றது அது. இரு சாவுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்றால்தான் அப்படிப் பெருக்கலாம். ஒரே குடும்பத்தில் மரபும் வீடும் பொதுவாக இருக்கையில் அந்த நிபந்தனை நிற்காது. அரச புள்ளியியல் கழகம் 2001-இல் இதை வெளிப்படையாகக் கண்டித்தது. தடயவியல் சான்று ஒன்று வெளியிடப்படாமல் இருந்ததும் தெரியவந்து, 2003-இல் தீர்ப்பு ரத்தானது. அவர் குழந்தை மருத்துவத்தில் உண்மையான நிபுணர். பெருக்கல் கணக்கு அவர் துறை அல்ல. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த எல்லைக்கோடு தெரியவில்லை. நிபுணர் பேசும்போது எந்த வாக்கியம் அவர் துறைக்குள், எது வெளியே என்று கோடு போடுவது எழுதுபவரின் கடமை. வெளியே விழும் வாக்கியத்துக்கு அந்தத் துறைக்காரர் ஒருவரைத் தனியே தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த வாக்கியத்தை விட்டுவிட வேண்டும்.

எதிர்த்தரப்பு நிபுணர்

வேதித் தொழில்துறை சும்மா இருக்கவில்லை. அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் ராபர்ட் வைட்-ஸ்டீவன்ஸ், 1963 ஏப்ரல் 3 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் வெள்ளை ஆய்வகச் சட்டையில் தோன்றி, கார்சன் சொல்வதைக் கேட்டால் மனிதகுலம் இருண்ட காலத்துக்குத் திரும்பும் என்றார். கார்சனின் நூல் அதற்கு முன்பே ஒரு தற்காப்பை அமைத்திருந்தது: வேதிப் பூச்சிக்கொல்லிகளை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்பது தன் வாதமல்ல என்று அவர் நூலிலேயே எழுதியிருந்தார். வைட்-ஸ்டீவன்ஸ் தாக்கியது அவர் சொல்லாத கருத்தை. அதே ஆண்டு மே 15 அன்று வெளியான அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு அறிக்கை, நீண்ட நாள் அழியாத பூச்சிக்கொல்லிகளின் பயன்பாட்டைப் படிப்படியாக ஒழிப்பதை இலக்காக வைத்தது. 1972-இல் அமெரிக்கா டிடிடியின் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்தது.

எதிர்த்தரப்பு நிபுணருக்கு உங்கள் கட்டுரையில் எவ்வளவு இடம்? எங்கள் பரிந்துரை: 2,000 சொல் கட்டுரையில் ஒரு முழுப் பத்தி. அவருடைய மிக வலுவான காரணத்தை அவரே ஒப்புக்கொள்ளும் வடிவில் எழுத வேண்டும். அவர் எங்கே வேலை செய்கிறார் என்பதை ஒரு சொற்றொடரில் சொன்னால் போதும்; உள்நோக்கம் கற்பிக்கத் தேவையில்லை. நம் தரப்பு நிபுணருக்கு யார் நிதி தருகிறார்கள் என்பதையும் அதே அளவு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொன்னால் வாசகர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். பிறகு மற்ற எதையும் நம்பமாட்டார்.

மேசையில் செய்யவேண்டியது

வாதத்தை முதலில் நிபுணர் பெயரே இல்லாமல் ஒரு தாளில் எழுதுங்கள்: கூற்று, காரணம், காரணத்தின் காரணம். எந்தக் கண்ணியில் வாசகர் ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்பாரோ, அங்கே மட்டும் நிபுணர் தேவை. எல்லோருக்கும் தெரிந்ததற்கு நிபுணரை நிறுத்தினால் கட்டுரை பயந்து எழுதியதுபோலத் தோன்றும். 2,000 சொற்களுக்கு மூன்று அல்லது நான்கு நிபுணர்கள் போதும். நேரடி மேற்கோள்கள் இரண்டு அல்லது மூன்று, ஒவ்வொன்றும் 25 சொற்களுக்குள். மீதியை உங்கள் சொற்களில் எழுதி ஆளைக் குறிப்பிடுங்கள். நிபுணரின் தொடர் அழகாகவோ, அவர் சொன்னால்தான் பொருள்படும் என்பதாகவோ இருந்தால் மட்டும் நேரடியாகத் தாருங்கள்.

நிபுணருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அதில் நீங்கள் எழுதப்போகும் கூற்றை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்துக் கேட்பது நியாயமல்ல, பயனும் தராது. பிறகு கேள்விகள். இதை நீங்களே அளந்தீர்களா, பிறர் அளந்ததைப் படித்தீர்களா? எந்த நிலையில் இது பொருந்தாது? உங்களோடு மாறுபடுபவர் யார், அவருடைய சிறந்த காரணம் எது? இந்தப் பொருளில் உங்கள் கருத்து எப்போதாவது மாறியதா? ‘இது ஆபத்தானதா?’ என்று கேட்டால் ‘ஆம்’ என்ற பதில் வரும். அதை வைத்து எதையும் கட்ட முடியாது. ‘எவ்வளவில், எத்தனை நாளில், எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டால் 11 மண்புழுக்கள் கிடைக்கும்.

அறிமுகம் ஒரு வாக்கியத்துக்குள் இருக்கட்டும்: பெயர், பணி, இந்தப் பொருளில் செய்த வேலை. ‘உலகப் புகழ்பெற்ற’, ‘தலைசிறந்த’, ‘பிரபல’ ஆகிய மூன்றையும் அழித்துவிடுங்கள். ‘நிபுணர்கள் எச்சரிக்கின்றனர்’, ‘ஆய்வுகள் தெரிவிக்கின்றன’ என்ற முகமில்லா எழுவாய்களும் வேண்டாம். எந்த நிபுணர், எந்த ஆய்வு என்று எழுத முடியாவிட்டால், உங்களிடம் இருப்பது நிபுணர் கருத்தல்ல, கேள்விப்பட்ட செய்தி.

தமிழில் எழுதும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது வினைமுற்று. ‘குறைக்கக்கூடும்’ என்று நிபுணர் சொன்னது முதல் வரைவில் ‘குறைக்கும்’ ஆகிறது, திருத்தத்தில் ‘குறைக்கிறது’ ஆகிறது, தலைப்பில் ‘அழிக்கிறது’ ஆகிவிடுகிறது. பிறமொழி மேற்கோளைத் தமிழாக்கும்போது இது இன்னும் எளிதாக நடக்கும், ஏனென்றால் ‘கூடும்’ வாக்கியத்தை நீட்டுகிறது, கை தானாக வெட்டுகிறது. ஒவ்வொரு நிபுணர் வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று, ‘என்று’ என்ற சொல். மேற்கோள் குறி இல்லாமல் ‘என்று கூறினார்’ என எழுதும்போது, அது அவருடைய சொல்லா, உங்கள் சுருக்கமா என்று வாசகருக்குத் தெரியாது. அவர் சொற்களேயானால் குறி இடுங்கள்; சுருக்கமானால் ‘என்பது அவர் கருத்து’ என்று மாற்றுங்கள். வினையையும் எடைபோட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்: அளந்தவர் ‘கண்டறிந்தார்’, ஊகிப்பவர் ‘கருதுகிறார்’, தன் தரப்புக்கு எதிராகச் சொல்பவர் ‘ஒப்புக்கொள்கிறார்’. அளக்காதவருக்குக் ‘கண்டறிந்தார்’ என்று எழுதுவது பொய்.

கடைசிப் படி, அனுப்பிச் சரிபார்ப்பது. கார்சன் தன் அத்தியாயங்களை வெளியிடும் முன் அந்தந்தத் துறை அறிஞர்களிடம் படிக்கக் கொடுத்தார். நூலின் இறுதியில் 50 பக்கங்களுக்கு மேல் ஆதாரப் பட்டியல் வைத்தார். கட்டுரைக்கு அவ்வளவு தேவையில்லை. நிபுணரைப் பற்றிய பத்தியை மட்டும், முன்னும் பின்னும் ஒரு பத்தி சேர்த்து அனுப்புங்கள். தனி வாக்கியத்தை அனுப்பினால் அது எந்த வாதத்துக்குப் பயன்படுகிறது என்று அவருக்குத் தெரியாது. ஐந்து நாள் அவகாசம் கொடுங்கள். எண்ணிலோ நிபந்தனையிலோ அவர் திருத்தினால் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். நடையை மாற்றச் சொன்னால் நன்றி சொல்லி உங்கள் நடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தான் சொன்னதையே திரும்பப் பெற விரும்பினால், காரணத்தைக் கேளுங்கள். புதிய தரவு வந்திருந்தால் அந்தக் கண்ணியை அவிழ்த்து வாதத்தை மறுபடி கோக்க வேண்டியிருக்கும், அது எவ்வளவு வேலையானாலும்.